பள்ளிக்கரணைக்கு எல்லைக்கல் எப்போது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு விடிகாலையில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையோரம் பைனாகுலரும் குறிப்பேடுமாகச் சிலர் நிற்பதைப் பார்க்கலாம். கூலிக்கு வந்தவர்கள் அல்ல. பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் மாணவர்களும்தான். பறவைகளை எண்ணுகிறார்கள். எங்காவது லாரியில் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் படமெடுத்துப் புகார் கொடுப்பதும் அவர்களே. போன வாரம் ஒருவர் பைனாகுலரை என் கையில் தந்தார். தாமரையிலை மேல் ஓர் இலைக்கோழி, நீண்ட விரல்களை அகல விரித்து, இலை அமிழாமல் நடந்து போனது. இத்தனை வருடம் அதே வழியாக பஸ்ஸில் போயும் நான் பார்க்கவில்லையே!

2007-இல் இந்தச் சதுப்பில் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆனால் சதுப்பின் விளிம்பில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. தென்சென்னையின் மழைநீர் இங்கே தங்கித்தான் ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் படகில் மீட்கப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசு ராம்சர் எல்லையைச் சர்வே எண் வாரியாக வெளியிட்டு, கல் நட வேண்டும். அதுவரை அங்கே புதிய கட்டுமானம் எதற்கும் அனுமதி தரக் கூடாது.

– ஒரு வாசகர், வேளச்சேரி