நட்சத்திரத்தை விடு, கொடி எப்படி ஆடியது?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே நீ வாதத்தில் இறங்கிவிடுவாய், நானும் குரலை உயர்த்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று இரவு உன் பதிவைப் பார்த்தேன். நிலவுக்கு மனிதன் போகவே இல்லை என்று ஒருவர் உனக்கு அனுப்பிய நீளமான செய்தியைப் படமெடுத்துப் போட்டு, மேலே ஒரு வரி நக்கல் எழுதியிருந்தாய். பெயரைக் கறுப்படித்திருந்தாய். ஆனால் "நீயே யோசிச்சுப் பாரும்மா" என்று முடியும் செய்தியை வேறு யார் உனக்கு எழுதுவார்கள்? அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஒற்றுப்பிழை உட்பட அது உன் சித்தப்பாதான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஓட்டுரிமை எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு நீ ஒரு இதயம் போட்டிருந்தாய்.

விஷயத்தில் நீ சொன்னது சரி. அதில் நமக்குள் சண்டை இல்லை. 1969 முதல் 1972 வரை அமெரிக்கர்கள் நிலவில் ஆறு முறை இறங்கினார்கள், 12 பேர் நடந்தார்கள், 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள் மீது இன்றைக்கும் லேசர் அடிக்கிறார்கள். சுமார் இரண்டரை வினாடியில் வெளிச்சம் திரும்பி வருகிறது. நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகுகிறது என்பதே அப்படி அளந்து கண்டதுதான். அது நாடகமாக இருந்திருந்தால், முதலில் கூச்சல் போட்டிருக்க வேண்டியது அமெரிக்காவோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த சோவியத் யூனியன். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. நீ செய்ததை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், அதுவும் அதே ஆளிடம்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. என் போட்டோ ஸ்டூடியோவில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தான். "நிலவில் எடுத்த படம் எதிலும் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே, ஏன்?" என்றான். போட்டோக்காரனுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. அங்கே அப்போது பகல். வெயில் நேராக அடிக்கிறது, தரை பளிச்சென்று இருக்கிறது, ஆட்கள் வெள்ளை உடையில் நிற்கிறார்கள். ஷட்டரை 1/250 வினாடியில் வைத்து, லென்ஸின் துளையையும் சுருக்கினால்தான் அவர்கள் முகமூடி தெரியும்படி படம் விழும். அந்த 1/250 வினாடியில் நட்சத்திரத்தின் வெளிச்சம் பிலிமைத் தொடக்கூடச் செய்யாது. இதை இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "எங்க வீட்டு விஞ்ஞானி வந்திருக்கார்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மாதம் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. வந்தபோது அவனிடம் ஒரு சந்தேகம் இல்லை, ஏழு இருந்தன. நிழல்கள், கொடி, படத்தின் மேலிருக்கும் சிலுவைக் குறிகள், எல்லாம். நான் சிரித்து அனுப்பிய பிறகு, சிரிக்காமல் கேட்டுக்கொண்ட ஆட்களைத் தேடிப் போயிருக்கிறான். அப்போது அது ஒரு டீக்கடைப் பெஞ்சு அளவுக்கு இருந்தது. இப்போது அவன் கையில் போன் இருக்கிறது. அந்தப் பெஞ்சுக்கு முடிவே இல்லை.

இந்தச் சண்டை இணையம் வந்த பிறகு வந்தது என்று நினைக்காதே. ஆல்பிரட் ரஸல் வாலஸ் கதை உனக்குத் தெரியுமா? பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்தான். 1870ல் ஜான் ஹாம்டன் என்பவர், பூமி உருண்டை என்று நிரூபித்தால் 500 பவுண்டு தருகிறேன் என்று பந்தயம் கட்டினார். வாலஸ் இளமையில் நில அளவை வேலை பார்த்தவர். இதில் என்ன கஷ்டம் என்று ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் ஆறு மைல் நேராக ஓடும் ஒரு கால்வாய். ஒரு முனையில் தொலைநோக்கி, மறுமுனைப் பாலத்தில் ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் ஒரு கம்பத்தில் வட்டு. மூன்றும் தண்ணீரிலிருந்து ஒரே உயரம். பூமி தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடு வட்டு மேலே தூக்கித் தெரிந்தது. ஹாம்டனின் ஆள் அதே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, ஜெயித்தது நாங்கள்தான் என்று குதித்தார். ஹாம்டன் கண்ணை வைத்துப் பார்க்கவே மறுத்துவிட்டார். தன் ஆள் பார்த்ததே போதுமாம்.

நடுவர் பணத்தை வாலஸுக்குக் கொடுத்தார். அப்புறம்தான் கதையே. ஹாம்டன் ஏறக்குறைய பதினைந்து வருஷம் அவரை விடவில்லை. திருடன், மோசடிக்காரன் என்று வாலஸ் உறுப்பினராக இருந்த சங்கங்களுக்கெல்லாம் கடிதம். வாலஸின் மனைவிக்கே ஒரு மிரட்டல் கடிதம், உன் கணவன் ஒரு நாள் மண்டை நொறுங்கி வீடு வந்து சேர்ந்தால் காரணம் என்னவென்று தெரிந்துகொள் என்று. அவதூறு வழக்கில் ஹாம்டன் சிறைக்குப் போனார், வந்தார், மறுபடி எழுதினார். கடைசியில் பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றத்தில் அதையும் திரும்ப வாங்கிவிட்டார். வாலஸுக்கு மிஞ்சியது வழக்குச் செலவு. தன் வாழ்க்கையில் இதைப்போல வருந்தத்தக்க சம்பவம் இல்லை என்று வயதான காலத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் பக்கம் உண்மை இருந்தது, தொலைநோக்கி இருந்தது, நடுவர் தீர்ப்பும் இருந்தது. அப்படியும் இதுதான் கிடைத்தது.

இன்னொன்று, போன வருஷங்களில் நடந்தது. 2024 டிசம்பரில் பூமி தட்டை என்பவர்களில் சிலரையும் எதிர்த்தரப்புக்காரர்கள் சிலரையும் அன்டார்க்டிகாவுக்கே அழைத்துப் போனார்கள். அந்தச் சமயத்தில் அங்கே சூரியன் 24 மணி நேரமும் மறையாது. தட்டைப் பூமிக் கணக்கில் அது நடக்கக் கூடாது. தட்டை என்று வருஷக்கணக்காகப் பேசிப் பேர் வாங்கிய ஒருவர், கேமரா முன்னால் நின்று, நான் நினைத்தது தப்பு, சூரியன் மறையவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் அவருக்கு என்ன கிடைத்தது? வீட்டில் இருந்த அவருடைய ஆட்கள், விலைபோய்விட்டான், அது செட் போட்டு எடுத்தது என்றார்கள். எதிர்த்தரப்பிலும் பலர், இப்போதுதான் புத்தி வந்ததா என்று கேலி செய்தார்கள். இந்தப் பக்கம் துரோகி, அந்தப் பக்கம் முட்டாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறொருவன் அடுத்து வாயைத் திறப்பானா?

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன். அவன் எதற்கெடுத்தாலும் "மறைக்கிறாங்க" என்கிறான் என்று உனக்கு எரிச்சல். அவன் முதலில் வேலை பார்த்த இடத்தில் பறந்த தூசியால் ஒன்றும் ஆகாது என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். தொழிலாளிகளுக்கு எடுத்த நெஞ்சுப் படங்களின் முடிவை அவர்களுக்கே காட்டவில்லை. அலுவலகத்தில் இருந்த ஒருவர் மனசு பொறுக்காமல் நகலெடுத்துக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் இருமுவது உனக்கே தெரியும். ஏன் என்று நாங்கள் உனக்குச் சொல்லவில்லை, நீ சின்னப் பிள்ளை. "மறைக்கிறாங்க" என்பது அவன் எங்கோ படித்துவிட்டுச் சொல்வதில்லை.

அவன் உனக்கு அனுப்பிய செய்தியில் நீ பதில் சொல்லாமல் தாண்டிப்போன ஒரு வரி இருந்தது. டஸ்கீகி. அது கட்டுக்கதை இல்லை. 1932ல் தொடங்கி 40 வருஷம், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் (சிபிலிஸ்) இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972ல் செய்தித்தாளில் வந்தபிறகுதான் நிறுத்தினார்கள். இதை நீ ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆமாம் சித்தப்பா, இது நடந்தது என்று. ஒப்புக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை உனக்கு வந்திருக்கும்: அது எப்படி வெளியே வந்தது? அந்தத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் எழுதிக் கேட்டு, நடக்காமல், கடைசியில் பத்திரிகைக்குக் கொடுத்தார். உன் சித்தப்பாவின் ஆலையிலும் ஒருவர் நகலெடுத்துக் கொடுத்தார். நடந்த சதிக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பான், ஒரு காகிதம் இருக்கும். நிலவு விஷயத்தில் லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் காகிதம் எங்கே? இதை அவனிடம் கேட்டுப் பார். அவன் சொந்த அனுபவமே அவனோடு வாதாடும்.

ஆதாரம் காட்டினால் அவர்கள் இன்னும் இறுகிப்போவார்கள், பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னாய். 2010ல் வந்த ஒரு ஆய்வு அப்படித்தான் சொன்னது. 2019ல் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து மறுபடி பார்த்தபோது அந்த விளைவு தென்படவே இல்லை என்று சொல்லலாம். 2024ல் 2,190 பேரை ஒரு செயற்கை நுண்ணறிவு அரட்டை இயந்திரத்தோடு பேசவைத்தார்கள். அவரவர் நம்பும் சதியையும் அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும் எழுதச் சொல்லி, அந்தக் காரணத்துக்கு மட்டும் அது பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் குறைந்தபடியே இருந்தது. இயந்திரத்துக்கு ரோஷம் கிடையாது, பார்த்துச் சிரிக்க ஆட்களைக் கூட்டிவைத்துக்கொள்வதும் கிடையாது. அப்படி ரோஷமில்லாமல் பேசுவது உனக்கு வராது என்று எனக்குத் தெரியும், நீ என் பெண்.

எல்லாரிடமும் குழைந்து பேசு என்று நான் சொல்லவில்லை. 2012ல் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அது நாடகம், அந்தப் பெற்றோர் நடிகர்கள் என்று சொல்லியே ஒருவன் காசு பார்த்தான். பிள்ளையைப் புதைத்தவர்களைத் துரத்தித் துரத்தித் திட்டினார்கள். அவனோடு உட்கார்ந்து பேச முடியாது, நீதிமன்றம்தான். போனார்கள், 2022ல் ஜெயித்தார்கள். விற்கிறவன் வேறு, வாங்கி ஏமாந்தவன் வேறு. சித்தப்பா காசு கொடுத்து வாங்கியவன்.

போன மாதம் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கைப் போட்டு அதன் கீழே நான் நின்றேன், கேமராவை ஸ்டாண்டில் வைத்து அவனையே அமுக்கச் சொன்னேன். முதலில் என் முகம் தெளிவாக விழுகிற அளவு. என் மூக்குக்கண்ணாடிவரை தெரிந்தது, மேலே வானம் வெறும் கறுப்பு. அடுத்தது 15 வினாடி திறந்துவைத்தோம். வானம் முழுக்க நட்சத்திரம், என்னைக் காணோம். நான் நின்ற இடத்தில் சுண்ணாம்பு கொட்டியதுபோல ஒரு வெள்ளை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "சரி, நட்சத்திரத்தை விடு. கொடி எப்படி ஆடியது?"

நீயாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஏழு ஆறாகியிருக்கிறது. கொடிக்கு மேல்புறம் ஒரு குறுக்குக் கம்பி உண்டு, முதல் முறை அது முழுசாக நீளாமல் சிக்கிக்கொண்டதால் துணி சுருங்கி நின்று, படத்தில் ஆடுவதுபோலத் தெரிகிறது என்றேன். "அப்படியா" என்றான். ஒப்புக்கொண்டானா என்று கேட்காதே, நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான். இந்த வாரம் நிழல். ஒரே சூரியன் என்றால் நிழல்கள் ஏன் ஆளுக்கொரு பக்கம் போகின்றன என்பது கேள்வி. சாயங்கால வெயிலில் இரண்டு குச்சி நட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் மண்ணைக் குவித்துவைத்தால் அவன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான். ஆனால் படமெடுக்க அந்தப் பழைய வைடு ஆங்கிள் லென்ஸ் வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. அதை இந்த வாரத்துக்குள் அனுப்பிவை. நானாகக் கேட்கவில்லை, "பாப்பாகிட்ட அந்த லென்ஸ் இருக்குமே" என்று அவன்தான் சொன்னான். உன் பதிவை அவன் இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
அப்பா