சாந்தியாகோ பயணம்: முதல் நாள் ஏற்றம்

வணக்கம் மக்களே. ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குப் போற யாத்திரைப் பாதையில நடக்கப்போற செப்டம்பர் சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுத்தவங்க கவனிங்க. பிரான்சின் சான் ழான் பியே தெ போரிலிருந்து பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸ் போறதுதான் முதல் கட்டம். தூரம் 25 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்துல கிளம்பி, 1,057 மீட்டர் இபான்யேத்தா கணவாய் ஏறணும். நம்ம சிங்கப்பூர் ஃபேபர் மலை உச்சியே ஏறத்தாழ நூறு மீட்டர்தான். கணக்குப் போட்டுக்குங்க.

நடப்பவங்க போற நெப்போலியன் பாதை நமக்கு வேண்டாம். 1,400 மீட்டருக்கு மேல ஏறும், கல்லும் சேறும் வேற. நாம வால்கார்லோஸ் தார்ச்சாலை வழி. அந்த ஊரைத் தாண்டினதும்தான் வேலையே ஆரம்பம்: காட்டுக்குள்ள வளைவுக்கு மேல வளைவு. தண்ணியை ஊருக்குள்ளேயே நிரப்பிடுங்க. சின்ன கியர்ல போட்டு உட்கார்ந்தே மிதிங்க; எழுந்து மிதிச்சா பின்பை கனத்துக்கு சைக்கிள் தள்ளாடும். மூச்சு முட்டினா இறங்கித் தள்ளலாம், வெட்கமே வேண்டாம்.

யாத்திரைச் சான்றிதழ் வேணும்னா சைக்கிள்காரங்க குறைஞ்சது 200 கிலோமீட்டராவது ஓட்டியிருக்கணும், நடப்பவங்களுக்கு 100தான்.

ஞாயிறு காலை 6 மணிக்கு ஃபேபர் மலை அடிவாரத்துல பயிற்சி, எட்டு ரவுண்டு. பைகளில் எடை கட்டிட்டு வாங்க. காலி சைக்கிள்ல வந்து முந்திக் காட்டுறவங்கதான் அன்னைக்கு எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தரணும். வர்றவங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள குழுவுல பேர் போடுங்க.