ரேடியேட்டர் சூடாகாததற்குக் காற்று மட்டுமே காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் அதற்குள் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்றினால் போதும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களில் காற்று சேர்வது அடிக்கடி நேர்வதுதான் என்றாலும், எல்லாக் கோளாறுக்கும் அதையே பரிகாரமாகச் சொல்வது சரியல்ல. சில வீடுகளில் அது கோளாறை வளர்க்கவும் செய்யும்.

காற்றை வெளியேற்றும் திருகைத் தொடுவதற்கு முன், தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லர் சிறிது நேரம் ஓடிய பிறகு, ரேடியேட்டரின் எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது என்று கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழே சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருந்தால் மட்டுமே காற்றைச் சந்தேகிக்கலாம். அப்போது பாய்லரை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை பொறுத்து, மேல் ஓரத்திலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் மெல்லத் தளர்த்தினால் 'உஸ்' என்ற சத்தத்துடன் காற்று வெளியேறும். சத்தம் நின்று தண்ணீர் கசியத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிட வேண்டும். தண்ணீர் வெளிக்காற்றோடு தொடர்பின்றி அழுத்தத்தில் ஓடும் மூடிய அமைப்பாக இருந்தால் இதனால் அழுத்தம் குறையும். குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டிய அழுத்தமானியின் முள் அதற்குக் கீழே இறங்கியிருந்தால், தண்ணீர் ஏற்றாமல் ரேடியேட்டர்கள் ஒழுங்காகச் சூடாகா.

மற்ற அறைகள் சூடாக இருக்க, ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுவதும் சில்லென்றிருந்தால் கோளாறு பெரும்பாலும் வால்வில்தான் இருக்கும். எண்கள் குறித்த வெப்பக் கட்டுப்பாட்டு வால்வின் தலையைக் கழற்றினால் உள்ளே மெல்லிய உலோக ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். விரலால் அழுத்தினால் அது உள்ளே போய்த் தானாகவே மேலே எழ வேண்டும். கோடை முழுதும் அசையாமல் இருந்த ஊசி, அழுத்தப்பட்ட நிலையிலேயே சிக்கிக்கொண்டால் தண்ணீர் செல்லும் வழி அடைபட்டுவிடும். வால்வின் பக்கவாட்டில் லேசாகத் தட்டியும், ஊசியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டும், மெதுவாக அசைத்தால் பல நேரங்களில் அது விடுபட்டுவிடும். குறடு கொண்டு பிடித்து இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மறுமுனையில் மூடியிட்ட வால்வு ஒன்று உண்டு. சுவருக்கு வண்ணம் பூச ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் அதைத் திறக்காமலே போய்விடுவதும் உண்டு என்பதால், அதையும் பார்த்துவிடுவது நல்லது.

மேற்பகுதி சூடாக இருந்து அடிப்பகுதி, குறிப்பாக அதன் நடுவிடம், குளிர்ந்திருந்தால் உள்ளே கறுப்புச் சேறு படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். ரேடியேட்டரின் எஃகு அரித்து உண்டாகும் இரும்பு ஆக்சைடுதான் அது. காற்றுத் திருகை எத்தனை முறை திறந்தாலும் இந்தச் சேறு வெளியே வராது. மாறாக, ஒவ்வொரு முறையும் திறந்து, குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டப் புதுத் தண்ணீர் ஏற்றும்போது, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனும் உள்ளே போய்த் துரு மேலும் கூடுகிறது. தங்கள் குறிப்பில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் இதுதான். ரேடியேட்டரைக் கழற்றி அலசி, பிறகு துருத்தடுப்புத் திரவம் சேர்ப்பதே இதற்கு வழி. அதேபோல், காற்றை வெளியேற்றிய சில நாட்களிலேயே மீண்டும் மீண்டும் சேர்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கலாம். அல்லது அரிப்பினால் ஹைட்ரஜன் உண்டாகியிருக்கலாம். அது தீப்பற்றக்கூடிய வாயு என்பதால், திருகைத் திறக்கும்போது அருகில் மெழுகுவர்த்தியோ தீக்குச்சியோ வைத்திருக்கக் கூடாது.

பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்கள் கொதிக்க, தொலைவிலுள்ளவை வெதுவெதுப்போடு நின்றுவிட்டால் நீரோட்டத்தைச் சமன்படுத்த வேண்டும். அருகிலுள்ளவற்றின் மூடியிட்ட வால்வைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் தண்ணீர் தொலைவுக்கும் போய்ச் சேரும். எல்லா ரேடியேட்டர்களும் ஒருசேரக் குளிர்ந்திருந்தால் அவற்றைக் குடைவதில் பயனில்லை. அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் அளவு, நேரக் கருவி, அழுத்த முள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பம்பு, பாய்லர் வேலையைத் தகுதி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். எரிவாயு பாய்லரின் உறையைத் தாமாகத் திறப்பது உயிருக்கே ஆபத்து.

வாசகர்கள் பலர் தங்கள் குறிப்பைப் பார்த்தே சாவியைக் கையில் எடுப்பார்கள் என்பதால், குளிர்ச்சி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் பார்க்கும்படி ஒரு திருத்தத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்