வடமராட்சியின் சுகாதாரப் பணியாளர்களுக்கு

எலிக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக மெலிந்துவிட்டார், கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவு தன் கையாலேயே சோறு குழைத்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இந்த 2024 மார்கழி எங்களுக்கு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். எலிக்காய்ச்சல் என்று தெரியவர முன்னரே ஊர் சிலரை இழந்துவிட்டது. பருத்தித்துறையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு பகல் பாராமல் நின்ற வைத்தியர்கள், தாதியர்கள், ஆய்வுகூடத்தார், குளிசை கொடுக்க வீடு வீடாக நடந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி.

எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத்தான் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவை வார்ட்டில் சேர்த்ததும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்தல் போயிருக்கிறது. அதோடு அவர் வீட்டுக்கு வந்தார். எந்த வயலில் இறங்கினவர், காலில் காயம் இருந்ததோ, கூட இறங்கினது ஆர் ஆர் என்று அம்மாவிடம் ஆறுதலாகக் கேட்டு எழுதினார். முதல் பெயர் அப்பாவுடையது.

அப்பா அசைகிற ஆளில்லை. "எனக்கு ஒண்டுமில்லை" என்று விடியவே வயலுக்குப் போய்விட்டார். இவர் அங்கேயே போனார். வெடித்துக் கிடந்த குதிக்காலைக் காட்டி, "எலி மூத்திரம் கலந்த தண்ணியில நிண்டால் கிருமி உள்ளுக்குப் போக இது காணும் ஐயா" என்றார். அப்பா ஆளை அனுப்பினால் போதுமென்று குளிசைக்குக் கையை நீட்ட, இவர் கொடுக்கவில்லை. "காலமை சாப்பிட்டனீங்களோ?" வெறும் தேத்தண்ணிதான் குடித்திருந்தார். காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை வெறுவயிற்றில் போட்டால் பிரட்டும். ஒருமுறை சத்தி எடுத்தால் அப்பா பிறகு தொடவே மாட்டார். வாரத்துக்கு ஒருக்கா, 100 மில்லிகிராமில் இரண்டு, தொடர்ந்து போட வேண்டிய மருந்து. தன் பையிலிருந்த இடியப்பப் பார்சலை அவிழ்த்துக் கொடுத்து, அப்பா சாப்பிட்டு முடியும் வரை சேற்று வரம்பிலேயே குந்தியிருந்தார்.

அடுத்த கிழமை அப்பா தானாகவே சாப்பிட்டுவிட்டுக் குளிசையைக் கேட்டார்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. குளிசையால்தானா என்று யாரால் சொல்ல முடியும்? வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஐயா.

வருகிற காலபோகத்தில், மழைக்கால நெல்லுக்கு உழவு தொடங்க முன்னரே எங்கள் ஒழுங்கையில் வயலுக்குப் போகிற எல்லோருடைய பெயரையும் எழுதிப் பணிமனைக்குக் கொண்டு வந்து தருவேன்.