இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து

அன்புள்ள கோவிந்தா,

நலம். உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. மகளுக்குத் திண்டிவனத்துக்கே மாறுதல் கிடைத்தது பெரிய நிம்மதி. இனி பேரனைப் பார்க்க சேலம் பஸ் ஏற வேண்டாம். இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். நூலகத்துக் கூடத்தை சனிக்கிழமை மாலைகளில் உனக்கு விட்டுக்கொடுத்தார்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை பதினைந்து பிள்ளைகள், வாயைத் திறந்தால் மூடுவதில்லை, நோட்டைக் கொடுத்தால் நாலு வரிக்கு மேல் நகர்வதில்லை, அந்த நாலு வரியும் நோட்ஸில் இருந்து வந்தவை என்று எழுதியிருந்தாய். சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பேசும் தமிழ் ஒன்று, எழுதச் சொல்லும் தமிழ் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. சிவப்பு மையால் சுழித்துக் காட்டியதோடு சரி. எதை எழுதினாலும் தப்பாகிறது என்று தெரிந்த பிறகு, ஏற்கெனவே அச்சில் இருக்கிற வாக்கியத்தை எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். நோட்ஸைக் காப்பியடிப்பது அந்தக் கணக்குதான்.

இன்னொன்றையும் மனதில் வை. உன் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளில் பலர் கொரோனா காலத்தில் ஒன்றாவது, இரண்டாவது படித்திருக்க வேண்டியவர்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. எழுத்துப் பழகும் வயது வீட்டிலேயே போய்விட்டது. அதனால் முதல் நாளே தனித்தனியாக உட்காரவைத்து கெ, கே, கை, கொ, கோ ஐந்தையும் சொல்லி எழுதச் சொல்லிப் பார். காதில் க முதலில் கேட்கிறது, கையில் கொம்பு முதலில் வரவேண்டியிருக்கிறது. இதில் தடுமாறுகிறவனுக்கு எழுத்துப் பயிற்சி தனியாக வேண்டும். அவனைக் கட்டுரை எழுத வைப்பதில் பயனில்லை. தெரியாததை மறைக்க அவன் குறும்பு பண்ணுவான், நீ அதைக் கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்வாய்.

மற்றவர்களுக்கு ஆளுக்கொரு 80 பக்க கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடு. விரித்தால் இடப்பக்கம் பேச்சுக்கு, வலப்பக்கம் எழுத்துக்கு. முதல் நாலு வாரம் வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் கால் மணி ஜோடி ஜோடியாகப் பேச்சு, அரை மணி அப்படியே எழுதுவது, மீதி நேரம் வாசித்துக் காட்டுவது. தலைப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. 'எங்கள் ஊர்' என்று கொடுத்தால் 'எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும்' என்றுதான் வரும். 'தண்ணி லாரி வந்தா உங்க தெருவுல மொதல்ல யார் குடத்த வெக்கிறது, எதுக்கு' என்று கேள். பஞ்சர் ஒட்டுவது, பனங்கிழங்கு அவிப்பது, தங்கச்சியின் செருப்பைத் தொலைத்தது, எதுவும் ஆகும். முன்னுரை, முடிவுரை என்ற சொற்களே அந்தக் கூடத்தில் காதில் விழக் கூடாது. போனில் பதிவு செய்து அதைக் கேட்டு எழுதவும் வைக்கலாம். ஒரு நிமிடப் பேச்சே நோட்டில் ஒரு பக்கத்துக்கு வரும். ஆனால் போனை நீட்டியதும் சில பிள்ளைகள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டாம்.

உங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று இப்படி எழுதும் என்று வைத்துக்கொள்:

"நேத்து எங்க ஆயா ஆட்டுக்கு தழ ஒடிக்கப் போச்சி. ஆடு கவுத்த அத்துக்கினு ஓடிப்போச்சி. ஆயா கத்துன கத்துல பஸ்ஸே நின்னுடுச்சி."

இதில் பிழை எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் காரியம் கெட்டது. இதில் உள்ள மாற்றங்களுக்கெல்லாம் ஒழுங்கு இருக்கிறது. 'ற்ற' பேச்சில் 'த்த' ஆகும்: நேற்று நேத்து, காற்று காத்து, கயிற்றை கவுத்த. 'ன்ற' என்பது 'ன்ன' ஆகும்: நின்றது நின்னுச்சு, கன்று கன்னு. இகரம், ஐகாரம், யகர மெய் இவற்றுக்குப் பின்னால் 'த்த' என்பது 'ச்ச' ஆகும், 'ந்த' என்பது 'ஞ்ச' ஆகும்: படித்து படிச்சு, வைத்து வச்சு, ஐந்து அஞ்சு, மேய்ந்து மேஞ்சு. மெய்யில் முடியும் சின்னச் சொல் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துக்கொள்ளும்: பல்லு, கண்ணு, பாலு. சொல்லின் முதலில் வரும் இ, உ இரண்டும், அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், எ, ஒ ஆகிவிடும்: இலை எல, நிலம் நெலம், குடை கொட, உடம்பு ஒடம்பு. இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டு. பிள்ளைகளின் நோட்டில் நீ பிழை என்று நினைப்பவற்றில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

ஐந்தாவது வாரத்தில் வலப்பக்கம் தொடங்கு. முதலில் வினைமுற்று மட்டும் மாறட்டும்: போச்சி, நின்னுடுச்சி இரண்டும் போனது, நின்றுவிட்டது ஆகட்டும். அடுத்த வாரம் அட்டையின் முதல் விதி, அதற்கடுத்த வாரம் இரண்டாவது. எல்லா விதியையும் ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அஞ்சு 'ஐந்து' ஆனால் பஞ்சு 'பந்து' ஆகும், மஞ்சள் 'மந்தள்' ஆகும், கொடி 'குடி' ஆகும். பயந்த பிள்ளை சரியாக இருப்பதையும் திருத்தும். விதிக்குப் பக்கத்திலேயே 'மாறாதவை' என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்தால் இது குறையும். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளே சேர்க்கட்டும், சண்டை போட்டுக்கொண்டு சேர்ப்பார்கள்.

திருத்தும்போது சிவப்புச் சுழி வேண்டாம். ஓரத்தில் இரண்டே குறி போடு. பேச்சு வடிவம் எழுத்துக்குள் வந்திருந்தால் 'பே'. உண்மையான எழுத்துப்பிழை, அதாவது பள்ளிக்குப் பல்லி எழுதியிருந்தால் 'பி'. 'பே' குறியைப் பிள்ளை தானே அட்டையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். 'பி' உன் வேலை. அதிலும் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். ர, ற இரண்டையும் நம் பக்கத்தில் யாரும் வேறுபடுத்திச் சொல்வதில்லை. ழகரமும் பலர் வாயில் ளகரம்தான். காதுக்கே கேட்காததைச் சொல்வதெழுதுதலில் போட்டால் பிள்ளை சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒன்றை எழுதிவைக்கும். அது கண்ணால் பழக வேண்டியது, வாசிக்க வாசிக்கத்தான் வரும். ஆனால் மூன்று நகர னகரங்களில் பாதியை ஒரே நாளில் தீர்த்துவிடலாம்: டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன். மண்டபம், மந்தை, மன்றம். இந்த மூன்று சொல்லை மனப்பாடம் பண்ணினால் போதும்.

அந்த ஆயாவுக்குத் திரும்பி வருகிறேன். 'ஆயா போச்சி' என்பதை 'பாட்டி சென்றார்' என்று மாற்றிவிடாதே. அது வேறு யாரோ ஒரு பாட்டி. ஆயாவை அஃறிணையில் சொன்னது மரியாதைக் குறைவால் வந்ததில்லை, நெருக்கத்தால் வந்தது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு காரணமாகத் திணையும் பாலும் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது; வழுவமைதி என்று நாம் பரீட்சைக்குப் படித்ததுதான். 'ஆயா போனது' என்று வலப்பக்கத்தில் இருக்கட்டும். தேர்வில் 'சென்றார்' என்று எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடு. எங்கே எதை எழுதுவது என்று தெரிந்துகொள்வதும் படிப்புதானே. 'கத்துன கத்துல' என்பதைத் தொடவே தொடாதே. 'கத்திய கத்தலில்' என்றால் சத்தமே கேட்கவில்லை. மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சை அப்படியே விடலாம் என்பதைச் சீக்கிரமே சொல்லிக்கொடு. அதைத் தெரிந்துகொண்டதும் பிள்ளைகள் எழுதும் கதையில் ஆட்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பேச்சுத் தமிழே போதும், எழுத்துத் தமிழ் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாசில்தாருக்கு மனு, வேலைக்கான போட்டித் தேர்வு, நாகர்கோவில்காரர் எழுதியதை வந்தவாசிக்காரர் படிப்பது எல்லாம் எழுத்துத் தமிழால்தான் நடக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை அதைப் புத்தகம், பத்திரிகை வழியாக எப்படியும் பிடித்துக்கொள்ளும். உன் பிள்ளைகளுக்கு நீ சொல்லித்தராவிட்டால் கிடைக்காது. சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். அங்கே நிறைய வீடுகளில் ஆங்கிலம் வந்துவிட்டது, பள்ளியில் எழுத்துத் தமிழ் மட்டும் படித்த பிள்ளைக்குத் தமிழில் பேச வரவில்லை. அதனால் 2005இல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. நமக்குப் பேச்சு தெருவிலேயே கிடைக்கிறது, எழுத்துக்குத்தான் பாலம் போட வேண்டும்.

வாசித்துக் காட்டும் நேரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. ஒரு பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் வாசிக்கும்போது இன்னொன்று சிரிக்கும். நம் ஊரில் ஒருவர் பேச்சை வைத்து ஊரை மட்டுமா கண்டுபிடிக்கிறார்கள், தெருவையும் சாதியையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே 'உங்க வீட்டுல சோத்த என்னன்னு சொல்லுவீங்க, கொழம்ப என்னன்னு சொல்லுவீங்க' என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஆர்வத்தில் கேட்பதுதான், அந்தப் பிள்ளைக்கு அது விசாரணை. அவர்கள் எழுதிய தாள்களில் இருந்து சொற்களைப் பெயர் போடாமல் நீயே எடுத்து ஒரு பட்டியல் ஆக்கு. திசைச்சொல் என்று இலக்கண வகுப்பில் நடத்துகிறோமே, பன்னிரண்டு நிலத்துச் சொற்கள் என்று தொல்காப்பியம் சொல்வதை, அதன் கீழே இந்தப் பட்டியலை ஒட்டு. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னாய். அவர்கள் இடப்பக்கத்தில் பாட்டி பேசுவதைத் தெலுங்கிலேயே தமிழ் எழுத்தில் எழுதலாம். க, ப வரும் இடத்தில் ஒலி சரியாக வராது, பரவாயில்லை.

தனியார் ஆங்கிலப் பள்ளியில் இருந்து வரும் மூன்று பேருக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கவே நேரம் பிடிக்கும். ஆங்கிலத்திலும் மனப்பாடம் பண்ணிய பத்திதான் வரும். அவர்களை அரசுப் பள்ளிப் பிள்ளையோடு ஜோடி சேர்: ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை சொல்ல, அரசுப் பள்ளிப் பிள்ளை எழுத. எழுதுகிறவனுக்கு அன்று கொஞ்சம் மிடுக்கு ஏறும், ஏறட்டும்.

போனைப் பற்றிப் புலம்பியிருந்தாய். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நம் தலைமுறை அந்த வயதில் எழுதியதைவிட அவர்கள் எழுதுவது அதிகம், அதுவும் தங்கள் பேச்சிலேயே. அதை இடப்பக்கத்துக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள். தமிழ்99 விசைப்பலகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்கித் தரும் ஒலிபெயர்ப்புப் பலகையே போதும். ஒரே சிக்கல், லகர ளகரத்தைப் போனே தேர்ந்து கொடுத்துவிடும். அதனால் வலப்பக்கம் மட்டும் எப்போதும் கையால்தான்.

பெற்றோர் வந்து, "என்ன சார், எங்க புள்ளய கொச்சையா எழுத வெக்கிறீங்க" என்று கேட்பார்கள். இடப்பக்கத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதனால் வலப்பக்கம் நிரம்பும்வரை நோட்டு நூலக அலமாரியிலேயே இருக்கட்டும். மூன்றாவது மாதம் இரண்டு பக்கமும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பு.

ஐந்தாவது வாரத்து வலப்பக்கங்களில் நாலைந்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவை. 'பே' எவ்வளவு, 'பி' எவ்வளவு என்று பார்த்து எந்த விதியை அடுத்து எடுக்கலாம் என்று எழுதுகிறேன். தங்கச்சியையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
தேவராஜ்