கேட்வே பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. வெப் கேட்வேயை எப்படி வைப்பது, எதில் கவனமாக இருப்பது என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்குக் காரணமும் அதே விஷயம்தான். இன்டர்சிஸ்டம்ஸின் பழைய டேட்டாபேஸான கேஷே ஓடிய சர்வரை அதன் புதிய வாரிசான ஐரிஸுக்கு மாற்றி, முன்னால் தனியாக ஒரு வெப் கேட்வே வைக்கும் வேலையில் மூன்று வாரமாக மூழ்கிக் கிடந்தேன். நேற்று இரவுதான் எல்லாம் ஓடத் தொடங்கியது. மனசு நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, எனக்கும் படித்துக் காட்டுகிறார். உன் மகள் புரோகிராம் எழுதக் கற்கிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். லாக், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு, படிக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் கேட்வே என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது, ஞாபகம் இருக்கிறதா? கேஷேவை நிறுவினால் கூடவே ஒரு குட்டி அப்பாச்சி வெப் சர்வர் வந்து உட்கார்ந்துகொள்ளும். 57772 என்ற போர்ட்டில் (சர்வரின் கதவு எண்) பக்கம் திறக்கும். ஐரிஸ் வந்தபோது அது 52773 ஆனது. அந்த உள் சர்வர் நிர்வாகப் பக்கம் பார்ப்பதற்குத்தான், மக்கள் பயன்படுத்தும் அப்ளிகேஷனுக்கு அல்ல என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. ஆனாலும் பலரும் அதிலேயே ஓட்டினார்கள், நாமும் ஓட்டினோம். ஐரிஸ் 2023.2 பதிப்பு முதல் புதிதாக நிறுவினால் அது வருவதில்லை. வெப் சர்வரை நீயே வைக்க வேண்டும், கேட்வேயை அதில் நீயே இணைக்க வேண்டும். இதைத் தொல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எந்த வழியாக உள்ளே போகிறது என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது.

வழியில் இருப்பது மூன்று ஆள். பிரவுசரிடம் பேசுவது வெப் சர்வர். அதற்குள் மாட்யூலாக உட்கார்ந்திருப்பது கேட்வே. அது கோரிக்கையை வாங்கி 1972 போர்ட் வழியாக டேட்டாபேஸிடம் கொடுத்து, பதிலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. கோளாறு வருவது பெரும்பாலும் இந்த மூவருக்கும் நடுவில் இருக்கும் மூட்டுகளில்தான். அதனால் பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு ரிஃப்ரெஷ் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகச் சோதித்துக்கொண்டு வா. கோரிக்கை எந்த லாகில் கடைசியாகப் பதிவாகியிருக்கிறதோ, அதுவரை அது நலமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

என்னை முழுதாக ஒரு நாள் உட்கார வைத்தது கேட்வேக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உள்ள மூட்டுதான். அப்பாச்சியும் கேட்வேயும் ஒரு மெஷினில், டேட்டாபேஸ் வேறொரு மெஷினில். கேட்வே மெஷினில் டெர்மினலைத் திறந்து இணைப்பைச் சோதிக்க 1972க்கு டெல்நெட் கட்டளை அடித்தால் உடனே இணைகிறது. ஃபயர்வால் திறந்திருக்கிறது, டேட்டாபேஸ் விழித்திருக்கிறது. ஆனால் கேட்வே பக்கத்தில் சர்வர் கிடைக்கவில்லை என்ற செய்தி. பாஸ்வேர்டை மாற்றினேன், அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினேன், நெட்வொர்க் பார்ப்பவரையும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். மாலை ஆடிட் லாகைத் திறந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: அப்பாச்சி 1972க்குப் போக முயன்றது, லினக்ஸின் பாதுகாப்புக் காவலனான எஸ்ஈலினக்ஸ் மறுத்திருக்கிறது. டெர்மினலில் டெல்நெட் அடிப்பது நான், எனக்குத் தடையில்லை. அப்பாச்சி அடைபட்ட சூழலில் ஓடுகிறது, வெளியே இணைப்பு எடுக்க அதற்கு இயல்பில் அனுமதி கிடையாது. ரெட் ஹேட் வகை லினக்ஸில் 'ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்ற சொடுக்கி அணைந்தே இருக்கும். 'செட்செபூல்' கட்டளையால் அதை நிரந்தரமாக ஆன் செய்தேன். ஒரே நொடியில் இணைந்தது. சிலர் இந்த இடத்தில் எஸ்ஈலினக்ஸையே மொத்தமாக அணைத்துவிடுவார்கள். நீ அதைச் செய்யாதே. ஒரு சொடுக்கி போதும்.

அடுத்ததும் அதே மூட்டில்தான். கேட்வே 'சிஎஸ்பிசிஸ்டம்' என்ற பயனராக உள்ளே நுழைகிறது. இது உன் அப்ளிகேஷனில் லாகின் செய்யும் மனிதர்களின் கணக்கு அல்ல, கேட்வேயின் சொந்த அடையாளம். புதிதாக நிறுவியதும் கேட்வேயில் 'லோக்கல்' என்ற பெயரில் ஒரு சர்வர் தயாராக இருக்கும், அது தன் மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்தால் முகவரி, போர்ட், பாஸ்வேர்டு மூன்றையும் மாற்று. பிறகு நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கும் இணைப்புச் சோதனையை ஓட்டிப் பார். அது பச்சைக்கொடி காட்டும் வரை அப்ளிகேஷன் பக்கமே போகாதே. டேட்டாபேஸ் பக்கம் வெப் கேட்வே சர்வீஸில் பாஸ்வேர்டு கட்டாயம் என்று வைத்துவிட்டு, எந்த ஐபி முகவரியிலிருந்து இணைப்பு வரலாம் என்ற பட்டியலில் கேட்வே மெஷினை மட்டும் சேர். பத்து நிமிட வேலை. முன்பு நாம் ஒருநாளும் செய்ததில்லை.

கேட்வேயின் நிர்வாகப் பக்கம் அந்த மெஷினிலிருந்து மட்டுமே திறக்கும். உன் மேசையிலிருந்து திறக்க வேண்டுமானால் கேட்வேயின் அமைப்புகள் இருக்கும் சிஎஸ்பி.ஐஎன்ஐ கோப்பில் 'சிஸ்டம்_மேனேஜர்' என்ற வரியில் உன் ஐபியைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் எல்லா முகவரிக்கும் நட்சத்திரம் போட்டுத் திறந்துவிடத் தோன்றும். அந்தப் பக்கத்தில் நுழைந்தவர் உன் அப்ளிகேஷனை வேறொரு சர்வருக்கே திருப்பிவிடலாம், மறந்துவிடாதே.

பாதை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அப்ளிகேஷனின் பாதை மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்: அப்பாச்சியின் லொகேஷன் பகுதியில், கேட்வேயின் அப்ளிகேஷன் பட்டியலில், டேட்டாபேஸின் வெப் அப்ளிகேஷன் வரையறையில். 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வந்தால் யார் சொன்ன 404 என்று முதலில் கண்டுபிடி.

டைம்அவுட், அதாவது பதிலுக்காகக் காத்திருக்கும் வரம்பு, பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் அடி வாங்கியது பயனர்கள். எங்கள் மாத அறிக்கை ஒன்று முடிய 90 விநாடி ஆகும். கேட்வே பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பில் 60 விநாடி. அதை 300 ஆக்கினேன். அப்படியும் சரியாக 60 விநாடியில் 504 (பதில் நேரத்துக்குள் வரவில்லை என்ற பிழை) வந்துகொண்டே இருந்தது. அப்பாச்சிக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் நிற்கிறது, அதன் இயல்புக் காத்திருப்பும் 60தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இதற்குள் கணக்குப் பிரிவில் ஒரு அம்மா, பக்கம் வரவில்லையே என்று பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். முன்னால் பிழைப் பக்கம் வந்துவிட்டது என்பதற்காக உள்ளே ஓடும் வேலை நின்றுவிடாது. டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் அதே அறிக்கை ஏழு பிரதியாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் வேலையெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தது.

வெளியே இருப்பவரின் பொறுமை உள்ளே இருப்பவரின் பொறுமையைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்வேயின் தெளிவான செய்தி பயனருக்குப் போய்ச் சேரும். இந்த வரிசைப்படி எண்களை மாற்றினேன். அதோடு அந்த அறிக்கையைப் பின்னணி ஜாபாக மாற்றி, பட்டனை அழுத்தியதும் 'தயாராகிறது' என்று மட்டும் சொல்லும்படி செய்தோம். அந்த அம்மாவிடம் நேரில் போய்க் காட்டினேன். இவ்வளவுதானா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் செய்தோம்.

இணைப்புகளின் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டு வை. யூனிக்ஸ் அப்பாச்சி பல பிராசஸாக, அதாவது தனித்தனிப் பிரதியாக ஓடும்; ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று தனி இணைப்புகளை வைத்துக்கொள்ளும், பக்கத்துப் பிராசஸோடு பகிர்ந்துகொள்ளாது. அப்பாச்சி 2.4ல் ஈவென்ட் முறையின் இயல்பு அளவு 16 பிராசஸ், ஒவ்வொன்றிலும் கோரிக்கைகளைக் கவனிக்கும் 25 த்ரெட் (இழை), ஆக 400. நெருக்கடி நேரத்தில் அத்தனையும் டேட்டாபேஸ் கதவைத் தட்டினால் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்து, தேவையானால் குறைத்துக்கொள்.

சோதனைக் காலத்தில் கேட்வே தன் லாக் கோப்பில் பதியும் அளவை 'வி9' என்று ஏற்றினால் கோரிக்கைகள் முழுசாகப் பதிவாகும். பிழை தேட அது அருமையான விளக்கு. ஆனால் பயனர் லாகின் பக்கத்தில் தட்டிய பாஸ்வேர்டும் அந்த லாகில் வந்து விழும். வேலை முடிந்த கையோடு இறக்கிவிட்டு, அந்தக் கோப்பையும் அழித்துவிடு.

வரும் சனிக்கிழமை இரவுதானே நீ மாற்றப் போகிறாய்? அதற்கு முன் உன் சிஎஸ்பி.ஐஎன்ஐயை, பாஸ்வேர்டு வரியை எடுத்துவிட்டு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அன்று இரவு நான் விழித்துத்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. கூப்பிடும்போது ஆடிட் லாகையும் திறந்து வைத்துக்கொள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்