செயலாளரின் ஆண்டறிக்கை: கேடயவால் பாம்புக் கணக்கெடுப்பும் இதர பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு முறைப்படி கூடியது. பறவை நோக்கல் நடை வழக்கம்போல் நடந்தது. பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்திப் பரிசு வழங்கினோம். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் குப்பை அகற்றினோம். சுதந்திர தினத்தன்று மரக்கன்றுகள் நட்டோம்; அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றவர்கள் அதைத் தொடர வேண்டும்.

இனி, சென்ற பொதுக்குழுவில் விவாதத்துக்கு உள்ளான, நம் மலைச்சாலையில் அடிபடும் கேடயவால் பாம்புகளின் கணக்கெடுப்பைப் பற்றி. "கண்ணிலேயே படாத ஒரு பாம்புக்குச் சங்கத்தின் நேரமும் பணமும் எதற்கு? பறவைகளோடு நிறுத்திக்கொண்டால் போதாதா?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நேரம் போதாததால் அன்று நான் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

கேடயவால் பாம்புகள் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை. உலகின் வேறெந்தக் காட்டிலும் இந்தக் குடும்பம் இல்லை. 50க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மலைக்காட்டு மண்ணுக்குள் வாழ்கின்றன. நஞ்சு கிடையாது. கையில் எடுத்தாலும் கடிக்க முயல்வதில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு, விரலிடுக்கில் மூக்கை நுழைத்து ஒளிய இடம் தேடும். முக்கிய உணவு மண்புழு. முட்டையிடுவதில்லை, குட்டி போடும். அதுவும் ஓர் ஈற்றில் சில குட்டிகளே. எனவே சினையாக இருக்கும் ஒரு தாய்ப்பாம்பு சாலையில் நசுங்கினால் அந்த இழப்பு சீக்கிரம் ஈடாவதில்லை.

வாலைப் பாருங்கள். நுனி வெட்டிவிட்டது போல் மொண்ணையாக இருக்கும். பல இனங்களில் அதன்மேல் சொரசொரப்பான தகடு இருக்கிறது. அதில் மண் ஒட்டிக்கொள்வதால், பாம்பு வளைக்குள் போகும்போது பின்னால் வரும் எதிரிக்கு மண் அடைப்புதான் தென்படும். உடம்புச் செதில்களோ இதற்கு நேர் எதிர்: வழுவழுப்பானவை, வானவில் நிறம் காட்டுபவை, நாள் முழுவதும் சேற்றுக்குள் கிடந்தாலும் அழுக்கு ஒட்டாதவை. ஒரே உடம்பில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் பகுதியும் மண்ணை உதறும் பகுதியும் அமைந்திருக்கின்றன.

அது மண்ணைத் துளைக்கும் விதத்தைக் கார்ல் கான்ஸ் என்ற விலங்கியலாளரும் அவருடைய சகாக்களும் 1978இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். முன்னுடலில் முதுகெலும்பு தோலுக்கு உள்ளேயே வளைகிறது. வளைந்த இடத்தில் உடல் பருத்து வளையின் சுவரை அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பில் ஊன்றிக்கொண்டு வளைவு நிமிரும்போது, கூம்பு வடிவத் தலை முன்னே பாய்ந்து மண்ணைப் பிளக்கிறது. இந்த வேலையைச் செய்யும் முன்னுடல் தசைகளில் ஆக்சிஜனைச் சேமித்துவைக்கும் மயோகுளோபின் நிறைந்திருப்பதால் அவை செக்கச்செவேலென்று இருக்கும். பின்னுடல் தசைகள் வெளிறியவை. முன்னுடல் ரயில் என்ஜின் என்றால் பின்னுடல் அது இழுத்துச் செல்லும் சரக்குப் பெட்டிகள். ஓரடிக்குச் சற்றே கூடுதலான ஒரு பாம்புக்குள் இவ்வளவு ஏற்பாடு.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். 1863இல் பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தச் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு கேடயவால் பாம்பை விவரித்து, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். நெடுங்காலம் நம் மலையின் இந்தப் பாம்புக்குத் தனிப்பெயரே இல்லை. 2014இல்தான் அது தனி இனம் என்று மீண்டும் நிறுவப்பட்டது. அந்த இடைக்காலம் முழுவதும் இந்தப் பாம்பு இங்கேதான் இருந்தது. நம் காப்பித் தோட்டங்களின் மட்கிலும் சோலைச் சருகின் அடியிலும் இருந்தது. கவனித்து எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

அக்கம்பக்கத்து மலைகளின் கதையும் இதுவே. சிறுமலைக்கு ஒரு கேடயவால் பாம்பு உண்டு. போதமலையிலும் கொல்லிமலையிலும் வாழும் ஓர் இனம் 2013இல்தான் அறிவியலுக்குத் தெரிந்தது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் கிடைத்த ஓர் இனத்துக்கு, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் 2018இல் சூட்டப்பட்டது. கொல்லிமலையில் கிடைத்த இன்னோர் இனத்துக்கு 2020இல் ராஜேந்திரன் பெயர் வைத்தார்கள். கேடயவால் பாம்புகளை ஊன்றிக் கவனித்து 1985இல் நூல் எழுதிய தமிழ்நாட்டு ஆய்வாளர் அவர். இத்தனை பக்கத்தில் இருக்கும் மலைகளுக்குள் இத்தனை வேறுபாடு ஏன்? குளிர்ந்த ஈரமண்ணில் வாழப் பழகிய பாம்பு, காய்ந்து இறுகிய சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. பிரிந்த கூட்டங்கள் பிரிந்தபடியே நெடுங்காலம் வாழ்ந்து வெவ்வேறு இனங்களாகிவிடுகின்றன. பறவை ஒரு மலையில் அழிந்தால் இன்னொரு மலையிலிருந்து பறந்து வர வாய்ப்புண்டு. இந்தப் பாம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. "பறவைகளோடு நிறுத்திக்கொள்ளலாமே" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

கணக்கெடுப்பில் தெரியவந்தவற்றைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் இவை ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. சாலையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நல்ல மழை பெய்து மண் ஊறியதும் மேலே வருகின்றன. அடிபட்டவை பெரும்பாலும் மழை இரவுக்கு அடுத்த விடியற்காலையில்தான் கிடைத்தன. சாலை முழுவதும் பரவலாகக் கிடைக்கவில்லை. மலைச்சரிவை வெட்டிச் செங்குத்தாகச் சிமெண்ட் சுவர் எழுப்பியுள்ள இரண்டு வளைவுகளில்தான் குவிந்து கிடந்தன. காரணத்தை நேரில் பார்த்தோம். மேலிருந்து விழுந்த பாம்பு தாரில் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்க்கிறது. மண்ணைப் பிளக்கும் அந்தத் தலைக்குத் தார் இடம் கொடுப்பதில்லை. சுவரடிக்குப் போய் அங்கும் மூக்கால் முட்டுகிறது. வழவழப்பான தரையில் வேகமாக ஊர்ந்து போகவும் அதற்கு வராது. வாலின் தகட்டில் ஒட்டியிருந்த மண் மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் ஏந்திச் சரிவில் விட்டதும், சருகுக்குள் தலை நுழைந்த சில நொடிகளில் வாலும் மறைந்துவிட்டது.

உயிருடன் இருந்தவற்றை அட்டையில் ஏந்தி ஓரத்தில் விடுவதைத் தவிர வேறெதற்கும் தொடவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தப் பாம்பையும் பிடிப்பதோ வைத்திருப்பதோ கூடாது என்ற நம் விதியைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட எல்லோரும் மதித்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களிடம் பேசியதையும் குறிப்பிட வேண்டும். இரண்டு முனையும் ஒன்றுபோல் தெரிவதால் இருதலைப் பாம்பு என்றும், விஷப்பாம்பின் குட்டி என்றும் எண்ணி மண்வெட்டியால் வெட்டிவிடுகிறார்கள். வண்ணப் படத்தைக் காட்டி, மண்புழுவைத் தின்று மண்ணைத் துளைத்துத் திரியும் பிராணி என்று விளக்கியதும், "இதையா இத்தனை நாள் வெட்டினோம்" என்று ஒரு மூத்த தொழிலாளி அம்மா கேட்டார். அதன் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து பாம்பு கிடைத்தால் சொல்லி அனுப்புகிறார்கள். அடிவயிற்று மஞ்சளைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. பளிச்சென்ற நிறம் எதிரிகளின் தாக்குதலைக் குறைக்கிறது என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பாம்பைக் காக்க வேண்டிய நிறம் மனிதனிடம் அதற்கு எதிராக வேலை செய்வது வருத்தத்துக்குரியது.

இந்தப் பணிக்கு வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். முதல் மழைக்குப் பாதிப்பேர் வந்தார்கள். ஐப்பசி மழையில் துணைச் செயலாளரும் நானும் இரண்டு கல்லூரி மாணவிகளும் மட்டுமே நின்றோம். அந்த மாணவிகள் நம் சங்கத்தின் உறுப்பினர்கள்கூட இல்லை. உடல்நலம், குடும்பம், தொழில் எல்லோருக்கும் உண்டு. வர முடியாதவர்களைக் குறை சொல்லவில்லை. வர முடியாது என்று முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைய பகுதியை வேறு ஒருவர் பார்த்திருப்பார். யாரும் போகாத நாட்களில் பதிவேட்டில் "இறப்பு இல்லை" என்று எழுத முடியாது. வெற்றிடமாகத்தான் விட வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடங்கள் நாம் நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுத்த மனுவைப் பலவீனப்படுத்திவிட்டன.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. அதற்குக் கணக்கெடுப்பு காரணமல்ல. மின்கலம், மழைக்கோட்டு, அச்சிட்ட படத்தாள், பதிவேடு தவிர அதற்குச் சங்கப் பணம் செலவாகவில்லை. பெட்ரோல் அவரவர் கைச்செலவு. உண்மையான காரணம் சந்தா நிலுவை. உறுப்பினர் பட்டியலில் கணிசமானோர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகச் சந்தா செலுத்தவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினோம், நேரிலும் கேட்டோம். பெயர்களை இங்கே படிக்கும் எண்ணம் எனக்கில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார்.

கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஆலோசனை வழங்கிய வனத்துறை அலுவலர்களுக்கும், கணக்குகளைத் தணிக்கை செய்தவருக்கும், படத்தாளைக் குறைந்த செலவில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அந்த இரு மாணவிகளுக்கும் அடுத்த ஆண்டுக்கான உறுப்பினர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன். அந்த இரண்டு வளைவுகளிலும் சிமெண்ட் சுவரின் அடியில் ஆங்காங்கே மண்ணால் சாய்தளம் அமைத்தால் விழுந்த பாம்பு மேலே ஏறிக்கொள்ளும். இதைச் செய்து தருமாறு மீண்டும் மனு கொடுக்க வேண்டுமானால், ஒரு மழைக்காலம் முழுவதும் இடைவெளியில்லாத பதிவு வேண்டும். நான்கு பேரால் அது ஆகாது. வாரத்துக்கு ஒரு விடியற்காலை என்று முறைவைத்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர் இருந்தால் ஆகும். அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கணக்கெடுப்பை நிறுத்துவதா, செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் அதை மட்டும் தொடர்வதா என்று செயற்குழு முடிவு செய்யட்டும். முறைப்பட்டியல் தலைவரின் மேசையில் இருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன் அதில் பெயர்கள் நிரம்ப வேண்டும்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்